ஐந்தாம் அலைக்குப் பிறகு: செவித் தலாமஸை வந்தடையும் நரம்புப் பாதைகள்

பிறந்த குழந்தைக்கு எடுக்கும் முதல்கட்டக் காது சோதனையில் சந்தேகம் வந்தால், சென்னை மருத்துவமனைகளில் அடுத்துச் சொல்வது ‘பெரா’ டெஸ்ட், அதாவது ஒலிக்கு மூளைத்தண்டு தரும் மின்பதிலைப் பதிவுசெய்யும் சோதனை. “காலைல தூங்க விடாம கூட்டிட்டு வாங்கம்மா, இங்க வந்து அசந்து தூங்கணும்” என்று டெக்னீஷியன் முன்கூட்டியே சொல்லிவிடுவார். அப்படியும் தூங்காத குழந்தைக்குத் தூக்க சிரப் கொடுப்பது உண்டு. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் எலெக்ட்ரோடு ஒட்டி, காதுக்குள் ஆயிரம், இரண்டாயிரம் சொடுக்கொலிகளை அனுப்புவார்கள். ஒவ்வொரு சொடுக்குக்கும் பின்வரும் முதல் 10 மில்லிவினாடி மின்னலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் தாளில் ஐந்து மேடுகள் தெரியும். ஐந்தாவது மேடு பெரியவர்களுக்கு 5.5 முதல் 6 மில்லிவினாடிக்குள் வரும். பச்சிளங்குழந்தைக்கு ஏறக்குறைய 7 மில்லிவினாடி ஆகும். அது தெளிவாக வந்துவிட்டால் பெற்றோர் மூச்சு விடலாம்.

அந்த ஐந்தாவது மேடு, ஒலி நடுமூளை வரை வந்து சேர்ந்ததற்குச் சாட்சி. பெரா அறிக்கை அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கு அடுத்த நிறுத்தம், மூளையின் நடுவே ஆழத்தில் இருக்கும் தலாமஸ். ஒலி நினைவாகவும் சொல்லாகவும் பயமாகவும் பிரியத் தொடங்கும் இடம் அது. நம் கையில் கொடுக்கப்படும் தாளில் அதைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது.

பாடப்புத்தகம் தலாமஸை ‘ரிலே நிலையம்’ என்கிறது. கீழிருந்து வந்ததை மேலே தள்ளிவிடும் இடம் என்று மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள். இந்தச் சொல் தலாமஸின் ஒரு பகுதிக்கு ஓரளவு பொருந்தும், மற்றதற்குப் பொருந்தாது. எந்தெந்த நரம்பு எங்கிருந்து வருகிறது, அது தூண்ட வருகிறதா தடுக்க வருகிறதா, எது முதலில் வந்து சேர்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்த்தால் அந்தச் சொல்லின் போதாமை தெரியும்.

நடுமூளை வரை

இந்தப் பகுதி பலருக்குத் தெரிந்ததுதான் என்பதால் வேகமாகக் கடந்துவிடலாம். உள்காதில் நத்தைக்கூடுபோலச் சுருண்டிருக்கும் மனிதக் காக்ளியாவில், ஒலியதிர்வை உணரும் உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500, வெளிவரிசையில் சுமார் 12,000. எண்ணிக்கையில் வெளிவரிசை பெரிதாக இருந்தாலும், மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் இழைகளில் 95 சதவீதம் உள்வரிசையிலிருந்தே கிளம்புகின்றன. ஒரு காதின் செவிநரம்பில் ஏறக்குறைய 30,000 இழைகள் இருக்கின்றன. பார்வை நரம்பில் உள்ள பத்து லட்சத்தோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம். இந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டு மூளைத்தண்டு செய்யும் கணக்கு வேலை அபாரமானது.

இழைகள் எல்லாம் முதலில் மூளைத்தண்டில் காக்ளியர் நியூக்ளியஸ் என்ற நரம்பணுத் திரளில் நிற்கின்றன. அங்கே ஒவ்வொரு இழையும் கிளைத்து, வெவ்வேறு வகை நியூரான்களுக்கு (நரம்பணுக்களுக்கு) அதே செய்தியைக் கொடுக்கிறது. ஒரு கிளை நேரத்தைத் துல்லியமாகக் காப்பாற்றும் நியூரான்களுக்குப் போகிறது. அவை சுப்பீரியர் ஆலிவ் என்ற இடத்துக்கு அனுப்ப, அங்கே இரு காதுகளின் நேர வித்தியாசமும் சத்த வித்தியாசமும் ஒப்பிடப்படுகின்றன. மனிதத் தலையின் அகலத்துக்கு அந்த நேர வித்தியாசம் அதிகபட்சம் 700 மைக்ரோவினாடியை ஒட்டி இருக்கும். இன்னொரு கிளை ஆலிவைத் தொடாமல் நேராக எதிர்ப்பக்க நடுமூளைக்கு ஏறுகிறது.

இப்படிப் பிரிந்த பாதைகள் பெரும்பாலும் திரும்பக் கூடும் இடம், நடுமூளையில் உள்ள இன்ஃபீரியர் கொலிகுலஸ். அதற்குள் ஒரு மையப்பகுதியும், அதைச் சுற்றி ஓடுபோல மேல்புறமும் வெளிப்புறமும் இருக்கின்றன. மையம், மேலோடு, வெளியோடு என்ற இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தலாமஸில் நடப்பது இந்தப் பிரிவினையின் தொடர்ச்சி. இங்கே வருவதற்குள் இரு காதுகளின் செய்தியும் கலந்துவிடுகிறது. பக்கவாதத்தில் ஒரு பக்கத் தலாமஸ் பாதிக்கப்பட்டவருக்கு அதனால் ஒரு காது செவிடாகாமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

துவரம்பருப்பு அளவு

லத்தீனில் ‘ஜெனு’ என்றால் முழங்கால். தலாமஸின் பின்பக்கத்தில் மடக்கிய முழங்கால்போலப் புடைத்து நிற்பதால் இதற்கு மீடியல் ஜெனிகுலேட் பாடி என்று பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே வெளிப்புறமாக இன்னொரு முழங்கால் இருக்கிறது, அது பார்வைக்கு. இரண்டையும் மாற்றிச் சொல்லாத மருத்துவ மாணவர் குறைவு. மனிதரில் செவித் தலாமஸ் எந்தப் பக்கம் அளந்தாலும் 4 முதல் 5 மில்லிமீட்டர். ஒரு துவரம்பருப்பு அளவு. கொலிகுலஸிலிருந்து புறப்படும் இழைகள் ஒரு தடித்த கற்றையாக நடுமூளையின் பக்கவாட்டு மேற்பரப்பிலேயே ஓடி இதற்குள் நுழைகின்றன. அந்தக் கற்றைக்கு பிரேக்கியம் என்று பெயர்.

இந்தப் பருப்புக்குள் மூன்று பிரிவுகள். அடிப்பக்கத்தில் வென்ட்ரல், முதுகுப்பக்கத்தில் டார்சல், நடுக்கோட்டை ஒட்டி மீடியல். பூனையின் மூளையில் நியூரான்களின் வடிவத்தை வைத்து 1960களில் மோரெஸ்ட் வரைந்த பிரிவினை இன்றும் அடிப்படையாக நிற்கிறது.

வென்ட்ரல் பிரிவுதான் ‘ரிலே’ என்ற சொல்லுக்கு மிக அருகில் வருவது. கொலிகுலஸின் மையப்பகுதி இதற்கு அனுப்புகிறது. இது முதன்மைச் செவிப்புறணியின், அதாவது மூளையின் மேற்பரப்பில் ஒலியை முதலில் பெறும் பகுதியின், மூன்றாம், நான்காம் அடுக்குகளுக்கு அனுப்புகிறது. காக்ளியாவின் சுருதி வரிசை இங்கே குலையாமல் இருக்கிறது. பூனையில் தாழ்ந்த அதிர்வெண் வெளிப்புறத்திலும் உயர்ந்தது உட்புறத்திலும் அமையும். நியூரான்களின் கிளைகளும் கீழிருந்து வரும் இழைகளும் ஒரே திசையில் தகடு தகடாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒரு தகட்டுக்கு ஏறக்குறைய ஓர் அதிர்வெண்.

ஒரு மிருதங்க அடியை எடுத்துக்கொள்வோம். வலந்தலையில் பூசிய கரணையால் அதன் மேற்சுரங்கள் அடிச்சுரத்தின் முழு மடங்குகளாக அமைகின்றன என்று சி. வி. ராமன் 1920இல் எழுதினார். காது அந்த ஓர் அடியை மடங்கு மடங்காகப் பிரித்துத் தனித்தனி இழைகளில் ஏற்றிவிடுகிறது. வென்ட்ரல் தலாமஸ் வரை அவை பெருமளவு தனித்தனித் தகடுகளிலேயே வருகின்றன. ‘இது ஒரே அடி, இதுதான் சுருதி’ என்று சேர்த்துக் கேட்பதில் பெரும்பங்கு இதற்கு மேலே செவிப்புறணியில் நடக்கிறது.

வரிசை குலையவில்லை என்பதால் செய்தி அப்படியே போகிறது என்று எண்ணிவிடக் கூடாது. செவிநரம்பு வினாடிக்கு நான்காயிரம் வரையான அதிர்வுகளுக்கும் தாளம் தப்பாமல் துடிக்கும். தலாமஸ் நியூரான்களில் பெரும்பாலானவற்றுக்குச் சில நூறிலேயே தாளம் தப்பிவிடுகிறது. புறணியில் இன்னும் குறைவு. ஆகவே வேகமான அதிர்வைத் துடிப்புக்குத் துடிப்பு சொல்வதை விட்டுவிட்டு, ‘இவ்வளவு வேகம்’ என்பதைத் துடிப்புகளின் எண்ணிக்கையால் சொல்லும் முறைக்கு மாறுவது இந்தப் பாதையில்தான். அப்படியே கடத்தும் ஓர் இடத்தில் இந்த மாற்றத்துக்கு வேலை இல்லை.

டார்சல் பிரிவின் கதை வேறு. கொலிகுலஸின் மேலோட்டிலிருந்து இதற்கு இழைகள் வருகின்றன. சுருதி வரிசை தெளிவாக இல்லை. நியூரான்கள் அகன்ற அதிர்வெண் பரப்புக்கு, சற்றுத் தாமதமாகப் பதில் தருகின்றன. இது அனுப்புவதும் முதன்மைப் புறணியைச் சுற்றியுள்ள இரண்டாம்நிலைப் புறணிகளுக்கு. இதன் முக்கியமான உள்ளீடு உண்மையில் மேலிருந்து வருகிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

மீடியல் பிரிவு இருப்பதிலேயே சிறியது, கலவையானது. பெரிய உடல்கொண்ட நியூரான்கள் இங்கே உண்டு. கொலிகுலஸின் வெளியோடு இதற்கு அனுப்புகிறது. கூடவே தண்டுவடத்திலிருந்து தொடு உணர்வும், உடல் சமநிலை பார்க்கும் வெஸ்டிபுலர் நியூக்ளியஸ்களிலிருந்தும், கண்ணையும் தலையையும் திருப்பும் சுப்பீரியர் கொலிகுலஸின் ஆழடுக்குகளிலிருந்தும் இழைகள் வந்து சேர்கின்றன. ஒலியோடு வலி சேர்ந்து வந்தால் இந்த நியூரான்களுக்கு அது தெரியும். இவை ஒரு புறணிப் பகுதியோடு நிற்காமல் செவிப்புறணி முழுக்கப் பரவி, குறிப்பாக அதன் முதலாம் அடுக்கில் முடிகின்றன. பயத்தைக் கையாளும் அமிக்டலாவுக்கும் போகின்றன.

எலியில் காக்ளியர் நியூக்ளியஸிலிருந்து கொலிகுலஸில் நிற்காமல் நேராக மீடியல் பிரிவுக்கு வரும் இழைகள் உண்டு என்று மால்மியெர்காவின் குழு 2002இல் காட்டியது. ‘கொலிகுலஸில் நிற்காமல் யாரும் தலாமஸுக்குப் போக முடியாது’ என்ற பழைய விதிக்கு இது விலக்கு. எண்ணிக்கையில் சிறிய பாதைதான். ஆனால் காக்ளியர் நியூக்ளியஸிலிருந்து ஒரே சினாப்ஸில் (நியூரான்கள் சந்திக்கும் இணைப்பில்) தலாமஸை எட்டுகிறது என்பதால், என்ன ஒலி என்ற விவரம் வந்து சேரும் முன்பே ‘ஏதோ வருகிறது’ என்று எழுப்பிவிட இந்த வேகம் போதும்.

தடுப்பு முன்னால் வந்துவிடுகிறது

புலன் பாதையில் கீழிருந்து மேலே நெடுந்தூரம் போகும் இழைகள் தூண்டுபவை, தடுப்பவை அந்தந்த இடத்திலேயே குட்டையாக இருக்கும் என்பது நீண்டகாலப் பொதுவிதி. கொலிகுலஸ் இதை மீறுகிறது. அங்கிருந்து தலாமஸுக்கு வரும் இழைகளில் குளூட்டமேட் சுரந்து தூண்டுபவை பெரும்பான்மை. கணிசமானவை காபா சுரந்து தடுப்பவை. பூனையில் இதை வைனரும் கூட்டாளிகளும் 1996இல் விவரித்தார்கள். எலியின் தலாமஸ் துண்டங்களில் பெருஸ்ஸியும் கூட்டாளிகளும் 1997இல் மின்முனை வைத்துப் பார்த்தபோது, சில நியூரான்களில் தடுப்பு மின்னழுத்தம் தூண்டலுக்கு முன்பே வந்தது. காபா இழைகளில் ஒரு பகுதி தடிமனானவை. தடித்த இழையில் மின்துடிப்பு வேகமாக ஓடும்.

கொலிகுலஸில் இருக்கும் பெரிய காபா நியூரான்களின் உடலைச் சுற்றித் தூண்டும் நரம்பு முனைகள் நெருக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒலி தொடங்கிய கணத்திலேயே அவற்றைத் துடிக்கவைக்க ஏற்ற அமைப்பு இது. அப்படிப் புறப்படும் தடுப்பு, தலாமஸ் நியூரானை முதலில் சில மில்லிவோல்ட் கீழே இறக்குகிறது; அதன்மேல் தூண்டல் வந்து விழுகிறது. ஒரே செய்தி ஒரு நியூரானில் கூர்மையான ஒற்றைத் துடிப்பாகவும், இன்னொன்றில் மௌனமாகவும், வேறொன்றில் தடுப்பு விலகியதும் வெடிக்கும் துடிப்புக்கொத்தாகவும் முடியக்கூடும். எது நடக்கும் என்பது அந்தக் கணத்தில் நியூரான் எந்த மின்னழுத்தத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது.

பாலூட்டிகள் எல்லாம் ஒன்றுபோல இல்லை என்பதும் இங்கேதான் தெளிவாகிறது. பூனையிலும் குரங்கிலும் செவித் தலாமஸ் நியூரான்களில் ஏறக்குறைய கால் பங்கு உள்ளூர் காபா நியூரான்கள். எலியிலும் மீசை வௌவாலிலும் அவை ஒரு சதவீதத்துக்கும் கீழே. ‘எலி எளிய விலங்கு, அதனால் குறைவு’ என்று சொல்லித் தப்ப முடியாது. எதிரொலியில் பூச்சி பிடிக்கும் வௌவாலைவிடக் கேட்கும் கலையில் தேர்ந்த விலங்கு எது? உள்ளூர்த் தடுப்பு இல்லாத விலங்கில் தடுப்பு முழுக்க வெளியிலிருந்து, அதாவது கொலிகுலஸிலிருந்தும் தலாமஸின் ரெட்டிகுலர் நியூக்ளியஸிலிருந்தும் வந்தாக வேண்டும். எலியில் பார்த்த ஒரு மருந்தின் விளைவை மனிதத் தலாமஸுக்கு அப்படியே ஏற்றிச் சொல்லும் கட்டுரைகள் வழுக்கும் இடம் இதுதான்.

மேலிருந்து இறங்குபவை

தலாமஸிலிருந்து புறணிக்கு ஏறும் இழைகளைவிடப் புறணியிலிருந்து தலாமஸுக்கு இறங்கும் இழைகள் பல மடங்கு அதிகம். பத்து மடங்கு என்று சொல்லப்படுவதுண்டு. பார்வைத் தலாமஸில் விழித்திரையிலிருந்து வரும் சினாப்ஸ்கள் மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதம் மட்டுமே. எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பார்த்தால், தலாமஸ் கண்ணையும் காதையும்விடப் புறணியைத்தான் அதிகம் கேட்கிறது என்று தோன்றும்.

எண்ணிக்கை ஏமாற்றும். ஷெர்மனும் கில்லரியும் 1998இல் உள்ளீடுகளை ‘ஓட்டுபவை’, ‘சரிக்கட்டுபவை’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். ஓட்டுபவை எண்ணிக்கையில் குறைவு. ஆனால் முனைகள் பெரியவை, நியூரானின் உடலுக்கு அருகே அமர்ந்து, என்ன செய்தி என்பதையே தீர்மானிக்கின்றன. சரிக்கட்டுபவை ஏராளம், சிறிய முனைகளோடு கிளைகளின் நுனியில் அமர்ந்து, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்போல வேலை செய்கின்றன. வென்ட்ரல் பிரிவுக்குப் புறணியின் ஆறாம் அடுக்கிலிருந்து வருபவை இந்த இரண்டாம் வகை. டார்சல் பிரிவுக்கு ஐந்தாம் அடுக்கிலிருந்து வேறு இழைகள் இறங்குகின்றன. அவற்றின் முனைகள் மிகப் பெரியவை, ஓட்டுபவை போலவே இருக்கின்றன. ஆக, டார்சல் பிரிவுக்குப் புறணியே ஒரு காதுபோல. முதன்மைப் புறணி வேலை செய்து முடித்ததை டார்சல் பிரிவு வழியாக அடுத்த புறணிக்கு அனுப்பும் ஒரு சுற்றுவழி இது. செவித் தலாமஸ் பற்றித் தெரிந்தவற்றில் மிக அழகானது இந்த ஏற்பாடுதான்.

நடுவே ரெட்டிகுலர் நியூக்ளியஸ் நிற்கிறது. தலாமஸைப் போர்வைபோலச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம்; அதன் நியூரான்கள் காபா சுரப்பவை. ஏறும் இழையும் இறங்கும் இழையும் இதைத் துளைத்துப் போகும்போது கிளை கொடுத்துவிட்டுப் போகின்றன. இது திரும்பத் தலாமஸைத் தடுக்கிறது. புறணிக்கு நேராக அனுப்புவதே இல்லை. கவனத்தின் தேடுவிளக்கு இதன் கையில் இருக்கலாம் என்று பிரான்சிஸ் கிரிக் 1984இல் எழுதினார்.

தூங்கும்போது என்ன ஆகிறது

தலாமஸ் நியூரானுக்கு இரண்டு போக்குகள் உண்டு. விழித்திருக்கும்போது அதன் மின்னழுத்தம் மைனஸ் 60 மில்லிவோல்ட்டை ஒட்டி இருக்கும்; உள்ளீடு எவ்வளவோ அவ்வளவு துடிப்பு. ஆழ்ந்த தூக்கத்தில் மூளைத்தண்டிலிருந்து வரும் அசட்டைல்கோலின் போன்றவை குறைய, அழுத்தம் மைனஸ் 70க்குக் கீழே இறங்குகிறது. அங்கே நூறு மில்லிவினாடி போல இருந்தால் டி-வகைக் கால்சியம் வாயில்கள் தயாராகிவிடும். அப்போது சிறு தூண்டல் வந்தாலும் அவை திறந்து, அடுத்தடுத்துச் சில துடிப்புகளைக் கொத்தாக விட்டுவிட்டு மூடிக்கொள்ளும். கினியா பன்றியின் தலாமஸ் துண்டங்களில் யான்சனும் லினாஸும் 1984இல் இதை விவரமாகக் காட்டினார்கள். கொத்து விட்டபின் நியூரானுக்குச் சற்று நேரம் தேவை. தொடர்ந்து வரும் ஒலியின் விவரத்தை அதனால் பின்தொடர முடியாது. ‘ஏதோ நடந்தது’ என்று சொல்லும். என்ன என்று சொல்லாது.

மந்தைவெளியில் பறக்கும் ரயில் தடத்தை ஒட்டிக் குடியிருப்பவர் முதல் வாரம் தூங்காமல் புரண்டிருப்பார். மூன்றாம் வாரம் ரயில் போவதே தெரியாது. தூக்கத்தின் போக்கு மாற்றத்தோடு இன்னொன்றும் இதில் சேர்கிறது. ஒரே ஒலி திரும்பத் திரும்ப வந்தால் அதற்கான பதிலைக் குறைத்துக்கொண்டு, புதிய ஒலிக்கு மட்டும் முழுப் பதில் தரும் நியூரான்கள் தலாமஸில் உண்டு. எலியில் அந்தூனஸும் கூட்டாளிகளும் 2010இல் பார்த்தபோது, இந்தப் பண்பு வென்ட்ரலைவிட மீடியல், டார்சல் பிரிவுகளில் வலுவாக இருந்தது. 2011இல் வெளிவந்த சோதனையில், செவிப்புறணியைக் குளிர்வித்துச் செயலிழக்கச் செய்த பிறகும் பண்பு மறையவில்லை. இந்தப் பழக்கம் நொடிக்கணக்கில் நடப்பது. வாரக்கணக்கில் ரயிலுக்குப் பழகுவதற்கு இன்னும் பல அடுக்குகள் வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் விளக்கங்கள் அடிக்கடி கண்ணில் படுகின்றன.

பயத்துக்கு ஒரு குறுக்குவழி

தீபாவளிக்குப் பக்கத்து மாடியில் அணுகுண்டு வெடித்ததும் உடல் துள்ளுகிறதே, அது தலாமஸ் வழியாக அமிக்டலா போய் வருவது என்று பலர் எழுதுகிறார்கள். அது தவறு. திடுக்கிடும் அனிச்சை மூளைத்தண்டுக்குள்ளேயே, செவிநரம்பின் வேரருகிலும் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸிலும் உள்ள நியூரான்கள் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்கிவிடுகிறது. தலாமஸ் அதற்குத் தேவையில்லை.

தலாமஸ் தேவைப்படுவது கற்ற பயத்துக்கு. போன வருடம் தீப்பொறியில் சுட்டுக்கொண்ட தெருநாய், இந்த வருடம் எங்கோ ஓலைவெடி படபடத்தாலே காருக்கடியில் புகுந்துகொள்கிறது. லெடூவும் கூட்டாளிகளும் 1984இல் எலிகளுக்கு ஓர் ஒலியோடு சிறு மின்னதிர்ச்சி சேர்த்துக் கொடுத்துப் பழக்கினார்கள். செவிப்புறணியை நீக்கிய எலிகள் அந்த ஒலிக்குப் பயப்படக் கற்றுக்கொண்டன. செவித் தலாமஸை அழித்த எலிகள் கற்றுக்கொள்ளவில்லை. மீடியல் பிரிவும் அதை ஒட்டிய சிறு நியூக்ளியஸ்களும் அமிக்டலாவின் பக்கவாட்டுப் பகுதிக்கு நேராக அனுப்பும் இழைகளே அந்தக் குறுக்குவழி. ஒலியும் வலியும் ஒரே நியூரானில் சந்திக்கின்றன என்று மேலே சொன்னதன் பயன் இங்கே விளங்கும்.

இவற்றை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்

தரமணியிலோ கிண்டியிலோ ஆய்வு செய்யும் மாணவர் ஒருவர் இத்தகைய வரைபடத்தைத் தானே சரிபார்க்க விரும்பினால், நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதிக்குப் பிறகு வேலை ஏறக்குறைய இப்படிப் போகும். எலியின் தலையை அசையாமல் பிடிக்கும் ஸ்டீரியோடாக்சிக் சட்டத்தில் நிறுத்தி, பிரெக்மாவிலிருந்து (மண்டையோட்டு எலும்புகள் உச்சியில் சந்திக்கும் புள்ளியிலிருந்து) பின்னால் 5.2 முதல் 6 மி.மீ., நடுக்கோட்டிலிருந்து பக்கவாட்டில் 3 முதல் 3.5 மி.மீ. தூரத்தில் மண்டையோட்டில் சிறு துளை. 10 முதல் 20 மைக்ரோமீட்டர் நுனியுள்ள கண்ணாடிக் குழலில் இழைகளின் தடத்தைக் காட்டும் சாயமான பயோட்டின் டெக்ஸ்ட்ரான் அமீனின் 10 சதவீதக் கரைசல். 5 மைக்ரோஆம்பியர் நேர்மின்னோட்டம், 7 வினாடி விட்டு 7 வினாடி நிறுத்தி, 10 முதல் 15 நிமிடம். குழலை உடனே உருவாமல் சில நிமிடம் அப்படியே வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் குழல் வந்த தடம் முழுக்கச் சாயம் ஒழுகி, வழியிலுள்ள ஹிப்போகாம்பஸும் சேர்ந்து நிறம் பிடிக்கும். 7 முதல் 10 நாள் கழித்து, உப்புநீரும் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடும் இதயம் வழியாகச் செலுத்தி மூளையை எடுத்து, 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் அது மூழ்கும்வரை விட்டு, 40 மைக்ரோமீட்டர் துண்டுகளாகச் சீவுவார்கள்.

சாயமேற்றும் கட்டத்தில் முதல் தவறு, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள பெராக்சிடேஸை ஹைட்ரஜன் பெராக்சைடால் முன்கூட்டியே தணிக்காமல் விடுவது. ஒவ்வொரு இரத்தக் குழாயும் நரம்பிழைபோலக் கறுத்துவிடும். சென்னையின் ஈரக்காற்றில் இன்னொரு தொல்லை உண்டு. திறந்துவைத்த சுத்த ஆல்கஹால் காற்றிலிருந்து தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அதில் உலர்த்திய கண்ணாடித் தகடு சைலீனில் போட்டதும் பால்போல வெளுக்கும். மூடிய ஜாடியில் புது ஆல்கஹால் மாற்றினால் சரியாகும்.

உண்மையான ஆபத்து விளக்கம் சொல்வதில் இருக்கிறது. மீடியல் பிரிவை உரசிக்கொண்டே பிரேக்கியம் கற்றை ஓடுகிறது. சாயம் அங்கே கொஞ்சம் கசிந்து, ஊசி அறுத்த இழைகள் அதை உறிஞ்சிவிட்டால், வென்ட்ரலுக்குப் போகும் கொலிகுலஸ் நியூரான்களெல்லாம் மீடியலுக்குப் போகின்றன என்று தப்பாக முடிவு கட்டுவோம். இதற்கு மாற்றாக வந்த வைரஸ் முறைகளிலும் பொறி உண்டு. நியூரான்களை ஒளிரவைக்கும் மரபணுவைச் சுமந்துபோகும் ஏஏவி-1 வைரஸ் ஒரு சினாப்ஸ் தாண்டி முன்னோக்கிப் போகும். அதே வைரஸ் இழை முனையிலிருந்து பின்னோக்கியும் ஏறும். புறணியும் தலாமஸும் ஒன்றுக்கொன்று இழை அனுப்பிக்கொள்பவை என்பதால், புறணியில் வைரஸ் செலுத்திவிட்டுத் தலாமஸில் ஒளிரும் நியூரானைக் காட்டி ‘இது புறணியிடமிருந்து வாங்குகிறது’ என்று சொல்ல முடியாது. அது புறணிக்கு அனுப்புவதாகவும் இருக்கலாம். எந்தப் பிரிவில் ஊசி விழுந்தது என்பதை ஒலி கொடுத்து மின்பதிவாலும், பிறகு நியூரான்களின் உடலை நிறமேற்றும் நிஸ்ஸல் சாயத்தாலும் இரண்டு முறை உறுதிசெய்யாத முடிவை நம்புவது கடினம்.

மனித மூளையில் சாயம் செலுத்த முடியாது. எம்.ஆர்.ஐ.யில் நீர் மூலக்கூறுகள் நகரும் திசையை வைத்து இழைகளை ஊகிக்கும் முறை இருக்கிறது. தலாமஸிலிருந்து செவிப்புறணிக்குப் போகும் கற்றை குட்டையானது, பெரிய கற்றைகளைக் குறுக்கே வெட்டிப் போவது, ஆகவே கணினி பல நேரம் அதைத் தவறவிடுகிறது. இறந்த மூளையைத் துண்டு துண்டாகப் படமெடுப்பது இன்றும் தவிர்க்க முடியாததற்கு இது ஒரு காரணம். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’, மனிதக் கருவின் மூளையை 5,132 துண்டுகளில், செல்கள் தெரியும் நுணுக்கத்தில் காட்டும் முப்பரிமாண அட்லஸ். தலாமஸின் பிரிவுகள் எந்த வாரத்தில் பிரிந்து தெரியத் தொடங்குகின்றன என்பது போன்ற கேள்விகளோடு யாரும் அதைத் திறந்து பார்க்கலாம்.

பாதை மாறினால்

மிருகாங்கா சுர் குழு 1988இல் வெளியிட்ட ஒரு சோதனை. பிறந்த ஃபெரெட் (கீரிபோன்ற ஒரு சிறு விலங்கு) குட்டிகளில் செவித் தலாமஸுக்கு வரும் கொலிகுலஸ் இழைகளை நீக்கி, விழித்திரை இழைகள் வழக்கமாகப் போகும் இடங்களையும் குறைத்தார்கள். வேலையில்லாமல் நின்ற விழித்திரை இழைகள் காலியாயிருந்த செவித் தலாமஸுக்குள் வளர்ந்தன. அந்த விலங்குகள் பெரிதானபோது, செவிப்புறணி நியூரான்கள் ஒளிக்குப் பதில் தந்தன. எந்தச் செய்தி வருகிறது என்பது மேலுள்ள புறணியின் அமைப்பையே செதுக்குகிறது என்பதற்கு இதைவிட நேரான சான்று குறைவு.

செவிநரம்பை நேராக மின்சாரத்தால் தூண்டும் காக்ளியர் இம்ப்ளான்ட் கருவிக்கு வயது பார்ப்பது இதனால்தான். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு மூன்றரை வயதுக்குள் கருவி பொருத்தினால், புறணிக்கு ஒலி எட்டியதைக் காட்டும் பி-1 அலை வயதுக்கேற்ற நேரத்தில் வரத் தொடங்குகிறது. ஏழு வயதுக்குப் பிறகு பெரும்பாலும் வருவதில்லை என்று அனு ஷர்மாவின் குழு 2002இல் காட்டியது. தமிழக முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவைச்சிகிச்சையை ஏற்கிறது. தகுதி ஆறு வயது வரை என்று இருந்தாலும், நரம்புப் பாதைக்கு மூன்று வயதும் ஐந்தரை வயதும் ஒன்றல்ல. “இன்னும் டைம் இருக்குல்ல” என்று தள்ளிப்போடும் குடும்பங்களிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

இனி பெரா அறிக்கைக்குத் திரும்பலாம். ஐந்தாம் மேட்டுக்கு மேலே பார்க்க வழி இல்லாமல் இல்லை. பதிவு நேரத்தை 10 மில்லிவினாடியிலிருந்து 80, 100 வரை நீட்டினால், 15 முதல் 20க்குள் ஒரு பள்ளமும் 25 முதல் 30க்குள் ஒரு மேடும் தெரியும். நடுநேர அலைகள் என்று பெயர். தலாமஸும் அது புறணியைத் தொடும் இடமும் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன. இயந்திரம் பெரும்பாலும் அதேதான். அமைப்பை மாற்றினால் போதும். ஆனாலும் குழந்தைகளுக்கு இதை வழக்கமாக எடுப்பதில்லை. குழந்தை தூங்கினாலும் சிரப் குடித்தாலும் மூளைத்தண்டு மாறாமல் பதில் சொல்வதால் பெராவை நம்பலாம். தலாமஸ் அப்படி இல்லை. தூக்கத்தின் ஆழம் மாறும்போதெல்லாம் அந்த மேடு சிறுக்கும், மறையும், திரும்ப வரும். விழித்திருக்கும் குழந்தையோ கை கால் ஆட்டி, அழுது, தசை மின்சாரத்தால் பதிவையே குலைத்துவிடும். பெரா தெளிவாக வர வேண்டும் என்று குழந்தையை அசந்து தூங்கச் செய்கிறோம்; அதே தூக்கம் செவித் தலாமஸை நம் எலெக்ட்ரோடிலிருந்து மறைத்துவிடுகிறது.